மூலமும் மூலதனமும்: ஒரு பந்தயக் காரின் அடையாளம் பற்றி

1

1990 ஜூலையில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பாயிற்று. வழக்கின் கேள்வி, கேட்பதற்குச் சின்னப்பிள்ளைத்தனமானது. இந்தக் கார் அந்தக் கார்தானா? விலை ஒரு கோடி பவுண்டு என்று பேசி முடித்திருந்த பென்ட்லி அது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். பிரான்சில் லமான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஜெயித்த கார் என்பது அதன் பெருமை. வாங்க ஒப்புக்கொண்ட மிடில்பிரிட்ஜ் சிமிட்டார் என்ற கம்பெனி, பணம் தரவேண்டிய கட்டத்தில், 'இது அசல் இல்லை, ஒப்பந்தம் செல்லாது' என்று பின்வாங்கியது. விற்றவர் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ஆட்டன் காரின் வாழ்க்கை வரலாற்றை வருஷம் வருஷமாக, பாகம் பாகமாகக் கேட்டார்.

பணம் படைத்தவர்கள் ஒரு பொம்மைக்காகப் போட்ட சண்டை, நமக்கென்ன என்று தள்ளிவிடலாம். நான் தள்ளாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. மூலம், அசல், தொடர்ச்சி, அடையாளம் என்ற சொற்களை நாம் ஏடுகள் பற்றியும் இனங்கள் பற்றியும் கோயில்கள் பற்றியும் பேசும்போது தாராளமாகப் புழங்குகிறோம். அவை பெரும்பாலும் காற்றில் மிதக்கிற சொற்கள். இந்த வழக்கில் அதே சொற்கள் தரைக்கு இழுத்து வரப்பட்டன. சத்தியம் செய்த சாட்சிகளை வைத்துக்கொண்டு, நட்டு போல்ட் அளவில், 'மூலம் என்றால் என்ன? எங்கே காட்டு பார்ப்போம்' என்று கேட்கப்பட்டது. கேட்ட பிறகு கிடைத்த பதில், மூலத்தை நம்புகிறவர்களையும் சங்கடப்படுத்தும். மூலமே கிடையாது, எல்லாம் கதையாடல்தான் என்பவர்களையும் சங்கடப்படுத்தும்.

2

ஒரு பழைய கார் தான் சொல்லிக்கொள்ளும் கார்தானா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? நம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் வண்டியின் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அடிப்படை அதுதான். சேசிஸில் அடித்த எண், எஞ்சினில் அடித்த எண், இரண்டும் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அரிய கார்களின் உலகத்தில் இதே காரியம் ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ், அச்சு என்று ஒவ்வொன்றிலும் தொழிற்சாலை எண் தேடப்படுகிறது. அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பெரிதாக்கி ஆணிகளை எண்ணுகிறார்கள். பானட்டின் காற்றுப் பிளவுகளை எண்ணுகிறார்கள். தகட்டில் விழுந்த நெளிவு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெயின்டை அடுக்கடுக்காகச் சுரண்டி எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் என்று படிக்கிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அமிலச் சோதனை. ஒருவன் பழைய எண்ணை அரத்தால் ராவி அழித்துவிட்டு அதே இடத்தில் வேறு எண்ணை அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் முதல் எண்ணை அடித்தபோது விழுந்த அழுத்தம் உலோகத்துக்குள் கொஞ்ச ஆழம் இறங்கியிருக்கும். அமிலம் தடவினால் அழுத்தம் பட்ட இடம் ஒரு வேகத்திலும் படாத இடம் வேறு வேகத்திலும் அரிக்கும். அழிந்த எண் மங்கலாக எழும்பி வரும். எழுத்தை அழித்தாலும் எழுதியதன் வலி அழிவதில்லை. நம் கோட்பாட்டாளர்கள் 'சுவடு' என்று பேசுவது இரும்பில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாமே ஒரு முன்முடிவின் மேல் நிற்கின்றன: காருக்கு ஒரு பிறந்த நாள் உண்டு, அன்று அது முழுசாக இருந்தது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தேய்மானம். பழைய பென்ட்லிகளுக்கு இந்த முன்முடிவே பொருந்தாது. அந்தக் காலத்தில் பென்ட்லி கம்பெனி விற்றது ஓடக்கூடிய சேசிஸை மட்டுமே. வாங்கியவர் அதை வாண்டன் பிளா, கர்னி நட்டிங் போன்ற உடற்கூடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பி, தன் ரசனைக்கும் பைக்கும் ஏற்ப மேலுடல் கட்டிக்கொள்வார். காருக்குப் பிறப்பிலேயே இரண்டு பட்டறை, இரண்டு தேதி. பிற்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மூடிய உடலோடு இருந்த பல பழைய பென்ட்லிகளைக் கழற்றி, லமான் பாணியில் திறந்த உடல் போட்டார்கள். குடும்பத்தோடு போய்வரக் கட்டிய கார் பந்தய வேஷம் போட்டுக்கொண்டது. வேஷம் போட்டே 50 வருஷம் ஆச்சு என்றால், அதுவும் ஒரு வரலாறுதானே?

பந்தயக் கார்கள் விஷயம் இன்னும் சிக்கல். பந்தயப் பட்டறையில் கார் என்பது ஒரு பொருளாக இருப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையாக இருக்கிறது. ஒரு பந்தயத்தில் வளைந்த அச்சு அடுத்த பந்தயத்துக்கு இருக்காது. மூன்று கார் நின்றால், ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றின் எஞ்சின் இன்னொன்றுக்குப் போகும். தேச எல்லை கடக்கும்போது சுங்கத் தாள் எந்த எண்ணுக்கு இருக்கிறதோ அந்த எண் பொறித்த தகட்டைக் கையில் இருக்கிற காரில் திருகிக்கொண்டு போவது பந்தய அணிகளில் தெரிந்த பழக்கம். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நாளைக்கு வண்டி ஓடணும், அவ்வளவுதான். 50 வருஷம் கழித்து ஒருவன் பூதக்கண்ணாடியோடு வந்து நிற்பான் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

3

இனி ஓல்ட் நம்பர் ஒன்னின் கதைக்கு வருவோம்.

பென்ட்லியின் 'ஸ்பீட் சிக்ஸ்' என்ற வகையில் மொத்தம் 182 கார்கள் தயாராயின. அதில் ஒன்று இது. 1929 லமானில் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும் ஓட்டினார்கள். அந்த வருஷம் முதல் நான்கு இடங்களும் பென்ட்லிக்கே. 1930இல் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டி மறுபடி ஜெயித்தார்கள். அத்தோடு கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது. 1931இல் கடனில் மூழ்கியது. அதே வருஷக் கடைசியில் ரோல்ஸ் ராய்ஸ் அதை விலைக்கு வாங்கியது. கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்று ஒரு கான்கிரீட் ஓடுபாதை. வளைவுகளில் சுவர் போலச் சாய்த்துக் கட்டியது. 1932 செப்டம்பரில் அங்கே நடந்த 500 மைல் பந்தயத்துக்காக இந்தக் காரில் 8 லிட்டர் எஞ்சின் பொருத்தினார்கள். கிளைவ் டன்ஃபீ ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் சாய்தளத்தின் உச்சியைத் தாண்டி வெளியே பறந்தது. அவர் இறந்தார். நொறுங்கியதைப் பொறுக்கி எடுத்துச் சாலையில் ஓடும் காராகக் கட்டினார்கள். பல கை மாறி, பின்னால் மறுபடி பந்தயத் தோற்றம் கொடுக்கப்பட்டு, 1990இல் கோர்ட் படியேறியது.

நீதிபதி தன் தீர்ப்பில் தந்த கணக்கு இது. 1929இல் ஜெயித்த காரிலிருந்து, காலம் சொல்லமுடியாத சில்லறைப் பொருத்துகள் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. 1930 காரிலிருந்து மிஞ்சியவை மூன்று: மிதிகளின் தண்டு, கியர்பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு. 1932இல் விபத்துக்குள்ளான காரிலிருந்துதான் சேசிஸ் சட்டம், சஸ்பென்ஷன், முன் அச்சு, பின் அச்சுக் கூடு, பின் பிரேக்குகள், 8 லிட்டர் எஞ்சின் முதலியவை.

இதைப் படிக்கிற யாரும் வாங்கியவன் பக்கம்தான் நியாயம் என்று சொல்லிவிடுவார்கள். ஜெயித்த காரில் மூன்றே சாமான். அதுக்கு ஒரு கோடி பவுண்டா?

நீதிபதி வேறு மாதிரி யோசித்தார். இது அசல் என்று அவர் சொல்லவில்லை. ஏறக்குறைய அசல் என்ற சொல்லையும் மறுத்தார். பட்டறையை விட்டு வந்தபோது இருந்த பாகங்களோடே இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும் என்றார். ஆனால் இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன், அந்தப் பெயருக்கு உரியது என்றார். காரணம் தொடர்ச்சி. பாகங்கள் ஒவ்வொன்றாக, காலப்போக்கில் மாற்றப்பட்டன; புதுசாக வந்தது பழைய முழுமைக்குள் செரித்துக்கொள்ளப்பட்டது; எந்த ஒரு கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழந்து நின்றதில்லை. நான்கு பந்தயப் பருவங்கள் முறியாமல் ஓடியது. இந்தப் பெயருக்கு உரிமை கோர உலகத்தில் வேறு காரும் இல்லை. விலை என்பதே அந்தப் பேருக்கும் மாயக் கவர்ச்சிக்கும்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

தீசியஸின் கப்பல் ஞாபகம் வரும். ஏதென்ஸ்காரர்கள் பலகை மாற்றி மாற்றிக் காப்பாற்றிய கப்பல் அதே கப்பலா என்ற புதிரை புளூட்டார்க் பதிவு செய்தார். தாமஸ் ஹாப்ஸ் 1655இல் அதில் ஒரு விஷமம் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து வேறொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? தத்துவ வகுப்பில் இது விளையாட்டு. கார் உலகில் அன்றாடம். ஒருத்தரிடம் பழைய சேசிஸ் சட்டத்தில் பாதி. இன்னொருத்தரிடம் எஞ்சினும் எண்ணும். இரண்டு பேரும் ஆளுக்கொரு கார் கட்டி, இரண்டும் ஒரே எண்ணில் ஓடுகிறது. ஓல்ட் நம்பர் ஒன்னுக்கு அந்தத் தலைவலி இல்லை. கழற்றிய பாகங்களை யாரும் சேர்த்து இன்னொரு ஓல்ட் நம்பர் ஒன் கட்டவில்லை. எதிர்க்கப்பல் இல்லாததும் தீர்ப்புக்கு ஒரு தூண் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 'அசல்' என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், பட்டறையில் வேலை செய்தவனின் ஒவ்வொரு செயலும் ஒரு கழித்தல். அச்சை மாற்றினான், அசல் குறைந்தது. எஞ்சினை இறக்கி ஏற்றினான், அசல் குறைந்தது. ஆனால் அவன் மாற்றாமல் விட்டிருந்தால் கார் 1930இல் ஓடியிருக்காது. புகழ் இல்லை, வழக்கு இல்லை. அவனுடைய உழைப்புதான் இந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தது. சந்தையின் கணக்கில் அதே உழைப்பு சேதமாக எழுதப்படுகிறது. பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே வந்ததுதான் அடையாளத்தைக் காப்பாற்றியது என்று சொன்னபோது, நீதிபதி தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக்கினார்.

ஆனால் அந்தக் கைகளுக்குப் பெயர் உண்டா? வால்டர் ஹசன் என்று ஒருவர்; 1920இல் பையனாக பென்ட்லியில் வேலைக்குச் சேர்ந்தவர்; கம்பெனி மூழ்கிய பின் பர்னாட்டோவின் பந்தயக் கார்களைக் கவனித்தவர். பிற்காலத்தில் ஜாகுவாரில் பெரிய எஞ்சினியராக ஆனதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவரோடு நின்று நட்டு முடுக்கிவிட்டு எஞ்சினியர் ஆகாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா. கோப்பையில் பொறிப்பது ஓட்டியவன் பெயரைத்தான்.

4

ஓல்ட் நம்பர் ஒன்னில் கதை நிலைத்தது, இரும்பு மாறிப்போனது. இதற்கு நேர் தலைகீழான சம்பவம் 2007இல் நடந்தது. அந்தப் பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி ஒரு காரை விற்பதாக இருந்தது. ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கட்டிய 'டி' வகைப் பந்தயக் கார். 12 சிலிண்டர், 3 லிட்டர், எஞ்சின் ஓட்டுபவனுக்குப் பின்னால். ஒரு கோடி டாலருக்கு மேல் போகும் என்று எதிர்பார்த்தார்கள்.

இந்தக் கார்களுக்கு ஒரு நாவல் எழுதலாம். 1933இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லர் பந்தயக் கார் கட்ட மானியம் கொடுத்தார். மெர்சிடிஸும் ஆட்டோ யூனியனும் அந்தப் பணத்தில் ஐரோப்பாவின் பந்தயப் பாதைகளை ஆண்டன. யுத்தம் வந்ததும் ஆட்டோ யூனியன் கார்களை ட்ஸ்விக்காவ் பகுதியில் ஒரு சுரங்கத்தில் ஒளித்துவைத்தார்கள். 1945இல் செஞ்சேனை கண்டுபிடித்து, நஷ்ட ஈடாக சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே பிரித்துப் படித்தார்கள், பலவும் அழிந்தன. பல பத்தாண்டு கழித்து, பகுதி பகுதியாகக் கிடைத்தவற்றை வெளியே கொண்டுவந்து இங்கிலாந்தில் மறுபடி கார்களாகக் கட்டினார்கள். அதில் ஒன்றுதான் ஏலத்துக்கு வந்தது.

ஆட்டோ யூனியன் கார் என்பதில் தகராறு இல்லை. எந்த எண்ணுள்ள கார், 1939இல் எந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதில்தான் சந்தேகம் கிளம்பியது. ஏலம் தள்ளிவைக்கப்பட்டு, பின் கைவிடப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: இரும்பு அப்படியே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரும்பு எங்கே இருந்தது என்ற தகவல் மட்டும் ஆடுகிறது. அதோடு விலையும் ஆடிப்போகிறது.

வால்டர் பெஞ்சமின், இயந்திரப் பிரதியாக்கம் பற்றி 1935 தொடங்கி எழுதிய கட்டுரையில், பிரதி எடுக்கும் நுட்பம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தை மங்கச் செய்யும் என்று கணித்தார். ஒரு நெகடிவிலிருந்து எத்தனையும் படம் போடலாம் என்கிறபோது எது அசல் படம் என்ற கேள்விக்கே பொருளில்லை என்பது அவர் வாதம். கார் பிரதியாக்கத்தின் செல்லப்பிள்ளை. அச்சில் வார்த்து, வரிசையாக விடப்படுவது. அவர் கணிப்புப்படி அதற்கு ஒளிவட்டம் இருக்கவே கூடாது. நடந்தது வேறு. ஃபெராரியின் '250 ஜி.டி.ஓ.' என்ற கார் 1962க்கும் 1964க்கும் இடையில் 36 மட்டும் கட்டப்பட்டது. அதில் ஒன்று 2018இல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. 2019இல் இத்தாலியில் பொலோன்யா நகரக் கோர்ட் அந்தக் காரின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்று ஏற்று, நகல் செய்வதற்குத் தடை போட்டது. சந்தை, பிரதியாக்கத்தின் பிள்ளைக்கே ஒளிவட்டம் செய்து மாட்டிவிட்டது. செய்வதற்கான கருவி என்னவென்றால் சான்றிதழ். ஃபெராரி கம்பெனியே 2006இல் தன் பழைய கார்களைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஆசிரியன் என்பது ஒரு ஆளைவிட ஒரு செயற்பாடு என்று ஃபூக்கோ 1969இல் பேசினார். தான் எழுதிய பிரதி எது, எது இல்லை என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஆசிரியனே முத்திரை குத்தும் காலத்தை அவர் பார்க்கவில்லை.

5

தமிழில் இந்த விஷயத்துக்கு வாய்த்த சொற்கள் யோசிக்க வைப்பவை. 'அசல்' என்று சொன்னால் எதிர்ச்சொல் இரண்டு உண்டு. பத்திர ஆபீசில் அசலுக்கு எதிர் நகல். வட்டிக்கடையில் அசலுக்கு எதிர் வட்டி. பழங்கார்ச் சந்தையில் இரண்டு அர்த்தமும் ஒன்றாகிவிடுகிறது: நகல் இல்லை என்று நிரூபித்தால் வட்டி குட்டி போடுகிறது. 'மூலம்' என்றால் தோற்றுவாய். 'மூலதனம்' என்றால் முதல். முதல் என்பதே தொடக்கமும் பணமும் ஆகிறது. மொழியில் யாரோ விட்டுச்சென்ற இந்தச் சுவடுக்கு ஒரு அமிலச் சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஓல்ட் நம்பர் ஒன்னை ஓட்டிய பர்னாட்டோ பென்ட்லி கம்பெனியின் தலைவரும்கூட. 1926இல் பணம் போட்டுக் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1931இல் அவர் கை விரித்ததும் கம்பெனி விழுந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அப்பா பார்னி பர்னாட்டோ லண்டனின் ஏழைப் பகுதியிலிருந்து 1873இல் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிக்குப் பிழைக்கப் போனவர். வைரத்தில் கொழித்து, செசில் ரோட்ஸோடு மோதி, கடைசியில் 1888இல் இருவர் சொத்தும் டி பியர்ஸ் என்ற ஒரே கம்பெனியாயின. அங்கே சுரங்கத்தில் இறங்கிய கறுப்புத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முழுவதும் வேலியடைத்த வளாகங்களுக்குள் பூட்டிவைக்கப்பட்டார்கள். வைரத்தைத் திருடிவிடக்கூடாது என்பதற்காக உடம்பைச் சோதித்தார்கள். 1897இல் பார்னி கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தபோது மகன் உல்ஃபுக்கு 2 வயது நிரம்பவில்லை. சொத்து மகனுக்கு வந்தது. பணம் காராயிற்று.

இதை யாரும் காரின் 'மூலம்' என்று சொல்வதில்லை. கோர்ட்டில் கேட்கப்படவும் இல்லை. கேட்கவேண்டிய அவசியம் வழக்குக்கு இல்லை. கியர்பாக்ஸ் கூட்டின் வருஷம் கேட்கப்பட்டது. அந்தக் கூட்டுக்குப் பணம் கொடுத்த வைரத்தின் வருஷம் கேட்கப்படவில்லை.

ஆட்டோ யூனியன் விஷயத்தில் ஒருபடி மேலே. அதன் வாரிசான அவுடி கம்பெனி, தானே பொறுப்பேற்று ஆய்வாளர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. யுத்தகாலத்தில் ஆட்டோ யூனியனுக்காக எஸ்.எஸ். நடத்திய 7 முகாம்களில் 3,700க்கு மேற்பட்ட வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள் என்றும், ட்ஸ்விக்காவ், கெம்னிட்ஸ் ஆலைகளில் மேலும் 16,500 பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள் என்றும் அது சொன்னது. லைட்மெரிட்ஸ் முகாமில் 4,500 பேர் இறந்ததற்குக் கம்பெனிக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. பந்தயக் கார்களைக் கட்டியவர்கள் இந்தக் கைதிகள் அல்ல. காலம் வேறு. இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனால் கார்களை ஒளித்த கம்பெனியும் கைதிகளை வேலை வாங்கிய கம்பெனியும் ஒன்றே. ஒரு சேசிஸ் எண்ணுக்காகப் புரட்டப்படும் ஆவணக் காப்பறையில் பக்கத்து அலமாரியில் என்ன இருக்கிறது என்பது பொருத்தமற்ற கேள்வி ஆகிவிடாது.

நிலம் வாங்கும்போது நம்மூரில் தாய்ப்பத்திரம் கேட்கிறோம். அதற்கு முந்திய பத்திரம், அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிப் போய், ஏதோ ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். எங்கே நிறுத்துவது என்பதை வக்கீல் சொல்லுவார்: வில்லங்கம் வராத அளவுக்குப் போனால் போதும். காரின் மூலமும் அப்படித்தான். அது எங்கோ கிடந்து கண்டெடுக்கப்படுவதில்லை. ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளப்படுகிறது. பழங்கார் உலகம் தொழிற்சாலை வாசலில் நிறுத்துகிறது. வாசலுக்கு இந்தப் பக்கம் நடந்ததெல்லாம் 'வரலாறு', அதுக்கு விலை உண்டு. வாசலுக்கு அந்தப் பக்கம் நடந்தது கணக்கில் இல்லை.

6

இதிலிருந்து, சரிபார்ப்பே ஒரு அதிகார விளையாட்டு, அசல் போலி என்ற இருமையே புனைவு என்று முடிவு கட்டினால் கட்டுரைக்கு அழகான முடிவு கிடைக்கும். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மாதிரி முடிவு யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். எண்ணை ராவி அழித்தவனுக்குத்தான் லாபம். 1929 காரிலிருந்து பெயர் சொல்லும்படி ஒரு பாகமும் மிஞ்சவில்லை என்பது கதையாடல் இல்லை, நடந்தது. லைட்மெரிட்ஸில் 4,500 பேர் செத்தார்கள் என்பதும் நடந்தது. முதல் தகவலைத் தேடிய அதே பொறுமைதான் இரண்டாவதையும் வெளியே கொண்டுவந்தது: பதிவேடு, பட்டியல், எண், கையெழுத்து. ஆவணத்தை மதிக்காத கோட்பாடு கைதிகளையும் கைவிட்டுவிடும். குறை சரிபார்ப்பதில் இல்லை, சரிபார்ப்பதை வாசலில் நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது.

ஓலைச்சுவடியில் புழங்கியவர்களுக்கு இது புதுசு அல்ல. ஓலை நிலைக்காது. செல்லரித்துப் போகுமுன் பிரதி செய்தால்தான் நூல் பிழைக்கும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது திருத்தக்கதேவர் கைப்பட எழுதிய ஓலை எதுவும் அவரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. பல பிரதிகள் இருந்தன. ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பாடபேதம் என்ற நேர்மையான சொல் நம்மிடம் இருக்கிறது. பதிப்பாசிரியன் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்கிறான், மற்றதை மறைப்பதில்லை, அடியில் குறித்துவைக்கிறான். நூலும் பிழைக்கிறது, அதைப் பிரதி செய்த கைகளின் தடமும் பிழைக்கிறது.

அந்த நீதிபதி 1929, 1930, 1932 என்று பிரித்து எழுதிய பாகங்களின் பட்டியலை நான் ஒரு பாடபேதக் குறிப்பாகவே வாசிக்கிறேன். தீர்ப்பின் முடிவுரையைவிட அந்தப் பட்டியல் எனக்குப் பெரிசாகப் படுகிறது. இது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று சொன்ன அதே தீர்ப்பில், அந்தப் பெயருக்குள் ஜெயித்த கார் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. பெயரையும் மறுக்கவில்லை, பழுதையும் ஒளிக்கவில்லை. ஏலக் கம்பெனிகளின் பளபளப்பான புத்தகங்களில் இப்படியொரு பட்டியல் வருவது அபூர்வம். வந்தாலும் எது மிஞ்சியது என்று இருக்குமே தவிர, எதை, எப்போது, யார் மாற்றினார்கள் என்று இருக்காது. மாற்றியவனின் பெயரையும் அந்தப் பட்டியலில் ஏற்ற வேண்டும். வாசலுக்கு அந்தப் பக்கம் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அதில் ஒரு வரியாக வேண்டும். காரின் விலை அதனால் ஏறுமா இறங்குமா என்பதை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.